லேபிள் ஓரம் தூக்குகிறது: மொத்தமாக அடிக்கும் முன் எதையெல்லாம் சோதிப்பது?

நுரைபாட்டில் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். திரவ சோப்பு, ஷாம்பு, சின்ன ரோல்-ஆன் பாட்டிலில் நறுமண எண்ணெய் என்று மூன்று பொருள் தயாரிக்கிறேன். ஷாம்பு பாட்டில் எச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலிஎதிலீன் பிளாஸ்டிக்), அமுக்கிப் பிழிகிற வகை. லேபிள் வெள்ளை பிஓபிபி (பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம்), மேலே பளபள லேமினேஷன். ஒட்டிய அன்று ஒரு குறையும் தெரியவில்லை. சில நாள் போனதும் இரண்டு பக்கமும் ஓரம் தூக்குகிறது, சில பாட்டில்களில் நடுவில் குமிழ் வருகிறது.

லேபிள் அடித்தவர் பாட்டில் மேல் பழி போடுகிறார். பாட்டில் கொடுத்தவர் கம் மேல் பழி போடுகிறார். நடுவில் நான். அடுத்த ஆர்டருக்கு "இன்னும் பலமான கம்" என்று சொன்னால் போதுமா? போதாது என்றால் எதை எப்படிச் சோதித்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பது? ஆய்வகத்துக்கு அனுப்பும் அளவுக்கு வசதி இல்லை.

---

ரோல்தாங்கி

பலமான கம் என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு கம் பிரச்சினையே கிடையாது. முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்:

பாட்டிலின் விட்டம் எவ்வளவு, லேபிள் அகலம் எவ்வளவு? லேபிளின் மூலை கூராக இருக்கிறதா, வளைவாக இருக்கிறதா? பாட்டில் மோல்டிலிருந்து வந்து எத்தனை நாளில் ஒட்டினீர்கள்? ஷாம்புவைச் சூடாக நிரப்புகிறீர்களா? நிரப்பிய பிறகு ஒட்டுகிறீர்களா, காலி பாட்டிலிலா? கையாலா, மிஷினிலா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இது அழுத்தத்தால் ஒட்டுகிற பசை. கையால் ஒட்டும்போது நடுவில் தேய்த்து ஓரத்தை விட்டுவிடுகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு.

---

நுரைபாட்டில்

விட்டம் சுமார் 60 மிமீ, ஆனால் முழு வட்டம் இல்லை, கொஞ்சம் நீள்வட்டம். லேபிள் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. மூலை கூரானது. பாட்டில் புதிது, வந்த உடனே நிரப்பி ஒட்டினோம். மோல்டு தேதி தெரியாது. கையால்தான் ஒட்டுகிறோம். நிரப்பும்போது இளஞ்சூடு இருக்கும்.

---

பசை_ஆய்வு

உங்கள் வேலைமேசையிலேயே பாதி விடை கிடைக்கும். தூக்கிய லேபிள் ஒன்றை மெதுவாக உரித்து, பசை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

பசை மொத்தமும் லேபிளோடு வந்து பாட்டில் சுத்தமாக இருந்தால், பசை அந்தப் பரப்பைப் பிடிக்கவே இல்லை என்று பொருள். பரப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். பசை பாட்டிலில் தங்கி ஃபிலிம் மட்டும் வந்தால், பசைக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒட்டு சரியில்லை. அது லேபிள் தயாரித்த பக்கத்துக் கோளாறு. இரண்டு பக்கமும் பிய்ந்து நூல் நூலாக இழுத்தால் பசை மென்மையாகிவிட்டது. சூட்டாலோ, உள்ளே இருக்கும் பொருள் வழிந்து ஊறியதாலோ அப்படி ஆகும்.

பரப்பு என்று ஏன் சொல்கிறேன்? பசை ஒரு பரப்பில் பரவ வேண்டுமானால் அந்தப் பரப்பின் ஆற்றல் போதுமானதாக இருக்க வேண்டும். இதை டைன் கணக்கில் சொல்வார்கள். பாலிஎதிலீனும் பாலிப்ரொப்பிலீனும் 30-ஐ ஒட்டி நிற்கும். பெட் (தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்) 43 பக்கம். கண்ணாடி இதற்கெல்லாம் பல மடங்கு மேலே. அதனால் கண்ணாடி ஜாடியில் இரும்புப் பிடியாக நிற்கிற அதே லேபிள் உங்கள் ஷாம்பு பாட்டிலில் ஓரம் தூக்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பாட்டில் செய்கிறவர்கள் தீச்சுடர் காட்டியோ கொரோனா மின்னிறக்கம் செய்தோ பரப்பாற்றலை ஏற்றுவார்கள். ஆனால் அது நாளாக ஆகக் குறைந்துகொண்டே வரும்.

டைன் பேனா என்று விற்கிறார்கள். ஒவ்வொரு பேனாவுக்கும் ஒரு எண். பாட்டிலில் கோடு இழுத்தால் மை இரண்டு விநாடி அப்படியே கோடாக நின்றால் அந்த எண்ணளவு ஆற்றல் இருக்கிறது. உடனே துளித்துளியாகச் சுருண்டால் இல்லை. ஒரே பாட்டிலில் மூன்று நான்கு இடங்களில் இழுத்துப் பாருங்கள், இடத்துக்கு இடம் மாறும்.

பேனா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாட்டில்களைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலரவிட்டு ஒட்டுங்கள். மறுபாதியைத் துடைக்காமல் ஒட்டுங்கள். துடைத்தவை மட்டும் நின்றால் பரப்பில் அழுக்கு இருந்திருக்கிறது: மோல்டில் அடிக்கிற சிலிக்கான், பிளாஸ்டிக்கில் கலந்த வழுவழுப்புப் பொருள் கசிந்தது, அல்லது உங்கள் கை எண்ணெய். இரண்டு பாதியும் ஒரே மாதிரி தூக்கினால் அழுக்கு காரணமில்லை. லேபிளின் விறைப்பையும் வடிவத்தையும் பாருங்கள்.

---

சின்னத்தொழில்

இவ்வளவு அலசல் தேவையா? நான் ஏ4 ஸ்டிக்கர் தாளில் இங்க்ஜெட்டில் அடித்து, வெட்டி ஒட்டுகிறேன். மேலே டிரான்ஸ்பரன்ட் டேப். இதுவரை ஒரு வாடிக்கையாளரும் குறை சொன்னதில்லை. சின்ன அளவில் செய்கிறவர்களை இப்படிப் பயமுறுத்தக் கூடாது.

---

ரோல்தாங்கி

@சின்னத்தொழில் நீங்கள் எதை எதில் ஒட்டுகிறீர்கள்? உலர்ந்த பொருள், கண்ணாடி ஜாடி, தட்டையான டப்பா என்றால் உங்கள் முறை தாராளமாகப் போதும், நானே அப்படித்தான் சொல்வேன். குளியலறையில் ஈரத்தோடு கிடக்கிற, தினமும் அமுக்கப்படுகிற பாட்டிலுக்குக் காகித லேபிள் கதை வேறு. மேலே டேப் ஒட்டினாலும் வெட்டிய ஓரம் திறந்துதான் கிடக்கிறது. தண்ணீர் அந்த ஓரம் வழியாகத்தான் உள்ளே ஏறும்.

வாடிக்கையாளர் குறை சொல்லவில்லை என்பதையும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன். லேபிள் கிழிந்த பாட்டிலைப் பார்த்துப் பலர் ஒன்றும் சொல்வதில்லை, அடுத்த தடவை வேறு வாங்கிக்கொள்வார்கள்.

---

சின்னத்தொழில்

அரிசி மாதிரி உலர் பொருள்தான், சரி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லோருக்கும் ரோல் லேபிள் வேண்டும் என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

---

நுரைபாட்டில்

@பசை_ஆய்வு ஐயா, சொன்னபடி செய்து பார்த்தேன். உரித்தால் பாட்டில் சுத்தமாக இருக்கிறது, பசை லேபிளோடு வந்துவிடுகிறது. ஆனால் ஆல்கஹாலால் துடைத்த பாட்டில்களிலும் ஓரம் தூக்கத்தான் செய்கிறது, கொஞ்சம் குறைவாக. குமிழ் மட்டும் பழைய இருப்பிலிருந்த பாட்டில்களில் வரவே இல்லை. புதிதாக வந்தவற்றில்தான்.

---

பசை_ஆய்வு

அப்படியானால் இரண்டு தனித்தனிக் கோளாறு. ஒன்றாகப் பார்த்ததால்தான் குழப்பம்.

குமிழ்: மோல்டிலிருந்து புதிதாக வந்த பாலிஎதிலீன் பாட்டில் சில நாள் வரை சுருங்கிக்கொண்டும் வாயுவை வெளிவிட்டுக்கொண்டும் இருக்கும். காற்றுப் புகாத ஃபிலிமை மேலே ஒட்டினால் அந்த வாயுவுக்குப் போக வழி கிடையாது. குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பாட்டிலை ஆறவிட்டு ஒட்டுங்கள். இளஞ்சூடாக நிரப்பியவுடன் ஒட்டுவதும் இதே வம்புதான். பாட்டில் சூட்டில் விரிந்திருக்கும், ஆறும்போது சுருங்கும், லேபிள் சுருங்காது.

ஓரம்: துடைத்தும் தூக்குகிறது, ஆனால் குறைவு என்றால் பரப்புக்குச் சிறு பங்கு, விறைப்புக்குப் பெரிய பங்கு. ரோல்தாங்கி பேசட்டும், அது அவர் களம்.

---

ரோல்தாங்கி

பிஓபிபி ஃபிலிம் 50, 60 மைக்ரான்தான் இருக்கும், ஆனால் விறைப்பு ஜாஸ்தி. அதன் மேல் ஒரு லேமினேஷன் ஃபிலிம் போட்டால் இன்னும் விறைக்கும். அது நேராக நிமிரத்தான் பார்க்கும், பசை அதைப் பிடித்து வளைத்து வைத்திருக்கிறது. பாட்டிலை அமுக்கும்போது பாட்டில் உள்ளே போய் வெளியே வரும், லேபிள் அதோடு போகாது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அமுக்குகிற பாட்டிலுக்கு பிஇ (பாலிஎதிலீன்) ஃபிலிம் கேளுங்கள், வழக்கமாக 85 மைக்ரான் வரும். தடிமன் அதிகமாக இருந்தாலும் மெத்தென்று பாட்டிலோடு வளையும். பிஇ, பிபி (பாலிப்ரொப்பிலீன்) இரண்டும் கலந்த ஃபிலிமும் உண்டு, அச்சு கொஞ்சம் துல்லியமாக விழும். மேலே லேமினேஷனுக்குப் பதில் வார்னிஷ் (அச்சின் மேல் பூசும் மெல்லிய பூச்சு). பம்ப் வைத்த திரவ சோப்பு பாட்டிலை யாரும் அமுக்குவதில்லை என்பதால் அதற்கு பிஓபிபியே இருக்கட்டும், பணத்தை வீணாக்காதீர்கள்.

அடுத்தது மூலை. கூரான மூலையை முதல் வேலையாக மாற்றுங்கள். விரலும் துணியும் பக்கத்துப் பாட்டிலும் முதலில் மாட்டுவது அங்கேதான். 2, 3 மிமீ வளைவு கொடுத்தால் போதும்.

அப்புறம் லேபிள் நிற்கும் இடம். நீள்வட்டப் பாட்டிலில் ஒரு திசையில் மட்டும் வளைகிற பகுதி எதுவரை என்று பாருங்கள். ஒரு காகிதத் துண்டை லேபிள் அளவுக்கு வெட்டி ஒட்டாமல் சுற்றிப் பிடியுங்கள். சுருக்கம் விழாமல் படிகிற இடம்தான் லேபிளுக்கு உரிய இடம். தோள் பக்கம், அடி பக்கம் இரண்டு திசையிலும் வளையத் தொடங்கும். அங்கே எந்தத் தட்டையான ஃபிலிமும் மடிப்பில்லாமல் படியாது. அந்த எல்லையிலிருந்து எல்லாப் பக்கமும் 2 மிமீயாவது உள்ளே வாருங்கள். லேபிளைப் பெரிதாக்கித் தோள் வரை கொண்டுபோக ஆசைப்பட்டால் ஷ்ரிங்க் ஸ்லீவ்தான் (சூட்டில் சுருங்கிப் பாட்டிலோடு இறுகும் உறை) வழி. அது வேறு மிஷின், வேறு செலவு.

கூம்பு மாதிரி சரிகிற பாட்டிலாக இருந்தால் லேபிளையும் பிறைபோல் வளைத்து வெட்ட வேண்டும். உங்களுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

---

நுரைபாட்டில்

காகிதத்தைச் சுற்றிப் பார்த்தேன். இப்போதைய லேபிளின் கீழ் ஓரம் அடி வளைவுக்குள் இறங்கியிருக்கிறது. டிசைனைச் சின்னதாக்க வேண்டும்.

பிஇ சாம்பிள் கேட்டிருக்கிறேன். வந்ததும் எப்படிச் சோதிப்பது? ஒருவர் 50 டிகிரி சூட்டில் ஒரு வாரம் வைத்தால் ஒரு வருடம் கடையில் இருந்ததற்குச் சமம் என்றார்.

---

பசை_ஆய்வு

அந்தச் சமன்பாட்டை நம்ப வேண்டாம். சூட்டில் பசை மென்மையாகிப் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இன்னும் நன்றாகப் போய் உட்காரும். இங்கே விழப்போகிற லேபிள் சூட்டுப் பெட்டிக்குள் போய் வந்து பிரமாதமாகப் பிடித்துக்கொண்டு நிற்பதும் உண்டு. சூடு மட்டும் காட்டித் தேர்ச்சி கொடுத்தால் ஏமாந்துபோவீர்கள். சூடு, குளிர் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள்: ஒரு இரவு ஃப்ரிட்ஜில், ஒரு பகல் வெயில் படும் மூடிய வண்டிக்குள். சுருங்கி விரியும்போதுதான் ஓரத்தில் இழுவிசை வரும்.

இன்னொன்று. பசைக்கு இரண்டு வெப்பநிலை உண்டு. ஒட்டும்போது இருக்க வேண்டிய குறைந்தபட்ச வெப்பம் ஒன்று, ஒட்டிய பிறகு தாங்கும் வெப்பம் இன்னொன்று. வழக்கமான அக்ரிலிக் பசைகள் பலவற்றை 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பாட்டிலில் ஒட்டக் கூடாது. ஒட்டி நன்றாகப் பிடித்த பிறகு அதே பசை உறைநிலைக்குக் கீழேயும் நிற்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "ஃப்ரீசருக்கு ஏற்றது" என்று எழுதியிருப்பதைப் பார்த்து, குளிர்ந்து வேர்த்த பாட்டிலில் ஒட்டுகிறவர்கள் நிறைய. வேர்வை மேல் எந்தப் பசையும் ஒட்டாது.

ஒட்டிய பத்து நிமிடத்தில் உரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஆய்வகங்களில் உரிப்பு வலுவை ஒட்டிய 20 நிமிடத்தில் ஒருமுறை, 24 மணி நேரத்தில் ஒருமுறை அளப்பார்கள். லேபிள் தொழிலுக்கான ஃபினாட் அமைப்பின் முதலாம் சோதனை முறை அதுதான்: 25 மிமீ அகலப் பட்டை, 180 பாகையில் மடித்து, நிமிடத்துக்கு 300 மிமீ வேகத்தில் இழுப்பது. உங்களிடம் அந்த மிஷின் இருக்காது. ஆனால் ஒரே அகலப் பட்டை, ஒரே நேர இடைவெளி என்ற ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டி இழுங்கள். எண் துல்லியமாக இருக்காது. இரண்டு சாம்பிளில் எது மேல் என்பது தெரிந்துவிடும், உங்களுக்கு வேண்டியது அதுதானே.

---

ரோல்தாங்கி

ஒரு சின்ன மறுப்பு. 24 மணி நேரம் காத்திருந்து சோதிப்பது சரிதான், ஆனால் நிஜத்தில் அவர் அவ்வளவு நேரம் காத்திருக்கிறாரா? ஒட்டியவுடனே அட்டைப்பெட்டியில் போட்டு நெருக்கி அடுக்கினால் பசை முழுதாகப் பிடிப்பதற்கு முன்பே ஓரம் உரசும். அதனால் சோதனையிலும் அதே மாதிரி, ஒட்டியவுடன் பெட்டிக்குள் போடுங்கள். நடப்பில் என்ன செய்கிறீர்களோ அதைத்தான் சோதிக்க வேண்டும். நடப்பு தப்பு என்று சோதனையில் தெரிந்தால் நடப்பை மாற்றிக்கொள்ளலாம்.

---

பசை_ஆய்வு

இதில் அவர் சொல்வதுதான் சரி. இரண்டு விதமாகவும் செய்யுங்கள்.

---

நுரைபாட்டில்

உரசல் என்றதும் ஞாபகம் வந்தது. ரோல்-ஆன் பாட்டிலில் எழுத்து அழிகிறது. எண்ணெய் பட்ட விரலால் தொட்டால் போதும்.

---

பசை_ஆய்வு

அதற்கு ஒரே சோதனை: உங்கள் எண்ணெயையே எடுத்து லேபிள் மேல் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்து, துணியால் ஒரே அழுத்தத்தில் தேய்ப்பது. தண்ணீரில் தேய்த்துப் பார்ப்பது இந்தப் பொருளுக்கு வேண்டாத வேலை. எலுமிச்சை, ஆரஞ்சு வகை நறுமண எண்ணெய்களில் லிமோனீன் இருக்கும், அது நல்ல கரைப்பான். மையையும் கரைக்கும், ஓரம் வழியாக ஊறிப் பசையையும் இளக்கும். அதற்கு லேமினேஷன் போட வேண்டும், சில நேரம் அதுவும் போதாது. லேபிளின் மேல் ஓரத்தைப் பாட்டில் கழுத்திலிருந்து தள்ளி வைத்தால் வழிகிற எண்ணெய் ஓரத்தைத் தொட நேரம் பிடிக்கும். ஷாம்புவுக்கும் இதே மாதிரி ஷாம்புவை வைத்தே சோதிக்க வேண்டும். நுரைப்பொருள் தண்ணீரைவிட வேகமாக ஓரத்துக்குள் நுழையும்.

லேமினேஷன் இல்லாத அச்சு என்றால் இன்னொரு சுலபமான சோதனை: ஒரு டேப்பை அச்சின் மேல் அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். மை டேப்போடு வந்தால் அது ஃபிலிமைப் பிடிக்கவே இல்லை.

---

பீப்பாய்

இரசாயன டிரம் லேபிள் பார்க்கிறவன் நான். எங்களுக்கு பிஎஸ் 5609 என்று ஒரு தரம் உண்டு: லேபிள் கடல் நீரில் மூன்று மாதம் கிடந்த பிறகும் ஒட்டியிருக்க வேண்டும், அச்சுக்குத் தனிச் சோதனை வேறு. உங்கள் ஷாம்பு அந்த அளவுக்குப் போக வேண்டாம், கவலைப்படாதீர்கள் :)

---

கோடுக்காரர்

ரோல்-ஆன் பாட்டில் என்றதும் உள்ளே வந்தேன். பார்கோடு எப்படி வைத்திருக்கிறீர்கள்? படுக்கையாக வைத்திருந்தால் ஸ்கேன் ஆகாது, இப்போதே சொல்கிறேன்.

---

நுரைபாட்டில்

ஆமாம், படுக்கையாகத்தான் இருக்கிறது. டிசைனர் இடம் பார்த்துக் கொஞ்சம் சின்னதாக்கியும் இருக்கிறார். என் ஃபோனில் ஸ்கேன் ஆகிறதே?

---

கோடுக்காரர்

ஃபோன் கேமரா பொறுமையாகப் பல படம் எடுத்துக் கணக்குப் போடும். கடை ஸ்கேனரிடம் அந்தப் பொறுமை கிடையாது. ஃபோனில் வேலை செய்வது தேர்ச்சி ஆகாது.

இஏஎன்-13 (கடைப் பொருள்களில் வரும் 13 இலக்கப் பார்கோடு) முழு அளவு, இரு பக்க வெற்றிடமும் சேர்த்து, 37.29 மிமீ அகலம், 25.93 மிமீ உயரம். 80 சதவீதம் வரை சிறிதாக்கலாம், அதாவது 29.83 அகலம். அதற்குக் கீழே போகக் கூடாது. டிசைனர்கள் முதலில் கை வைப்பது வெற்றிடத்தில்தான். இடப்பக்கம் மெல்லிய கோட்டைப் போல 11 மடங்கு, வலப்பக்கம் 7 மடங்கு இடம் காலியாகவே இருக்க வேண்டும். அங்கே ஒரு பூ, ஒரு கட்டக்கோடு வந்தால்கூட கெட்டது.

வளைவுக்கு ஒரு விதி உண்டு. பார்கோட்டின் நடுவிலிருந்து அதன் ஓரம் வரை பரப்பு திரும்புகிற கோணம் 30 பாகைக்குள் இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 80 சதவீத இஏஎன்-13 படுக்கையாக நிற்க பாட்டில் விட்டம் சுமார் 48 மிமீ தேவை. உங்கள் ஷாம்பு பாட்டிலில் தப்பிக்கலாம், நீள்வட்டத்தின் கூர்வளைவுப் பக்கம் போகாத வரை. ரோல்-ஆன் 20 மிமீ சுற்றுவட்டாரம் என்றால் வாய்ப்பே இல்லை. பார்கோட்டை 90 பாகை திருப்பி, கோடுகள் ஏணிப்படி மாதிரி நிற்க வையுங்கள். வளைவு கோட்டின் நீளத்தைத்தான் பாதிக்கும், இடைவெளியைத் தொடாது.

நிறம்: ஸ்கேனர் வீசுவது சிவப்பு ஒளி. சிவப்பு, ஆரஞ்சுக் கோடு அதற்கு வெள்ளையாகவே தெரியும். வெள்ளை மேல் கறுப்பை விட்டு விலகாதீர்கள். கண்ணாடி போன்ற தெளிவான ஃபிலிமில் அடிப்பதானால் கோட்டுக்குக் கீழே வெள்ளை மை கட்டாயம் வேண்டும். சாம்பிள் லேபிளை நிரப்பிய பாட்டிலில் ஒட்டி, ஏதாவது ஒரு கடையில் கேட்டு அவர்கள் ஸ்கேனரில் காட்டிப் பாருங்கள். ஸ்கேனர் கடைக்குக் கடை மாறும். முடிந்தால் தரம் அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம் ஒருமுறை கொடுங்கள்.

---

எழுத்துருப்பித்து

எல்லோரும் பசை பேசுகிறீர்கள், நான் எழுத்து பேசுகிறேன். தமிழில் அச்சடிக்கிறீர்களா? சின்ன லேபிளில் முதலில் சாவது புள்ளி. பொருள் பட்டியலை 5 பாயின்டில், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வைத்தால் மை பரவிப் புள்ளி மூடிக்கொள்ளும். ற், ர் எல்லாம் ற, ர ஆகிவிடும். ணகர, றகரச் சுழிகளும் அடைபடும். அதே அளவில் ஆங்கில எழுத்து தெளிவாக நிற்கும், அதைப் பார்த்து "அச்சு நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள். வெள்ளை மேல் அடர் எழுத்து, ஒரே மையில். நான்கு நிறம் கலந்த பழுப்பில் சின்ன எழுத்து வைத்தால் நிறத்தகடு இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் அடிக்கும்.

கோப்பு அனுப்பும்போது எழுத்தை வடிவக்கோடுகளாக மாற்றி அனுப்புங்கள். சில மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். டிசைனருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவர் கண்ணில் அது படாது. திரையில் படிக்காமல், அச்சான சாம்பிளில் ஒரு எழுத்து விடாமல் படியுங்கள்.

நிறத்துக்கு ஒன்றே ஒன்று: சாதாரணத் தாளில் எடுத்த ப்ரூஃபை (மாதிரி அச்சை) பார்த்துச் சரி சொல்லாதீர்கள். அதே ஃபிலிம், அதே லேமினேஷனில் வேண்டும். வெள்ளி ஃபிலிமில் அடியில் வெள்ளை மை போடாத இடத்தில் எல்லா நிறமும் உலோக மினுக்காக மாறிவிடும். தெரிந்தே செய்தால் அழகு.

---

நுரைபாட்டில்

எல்லோருக்கும் நன்றி. பிஇ சாம்பிள் வந்து ஒட்டிப் பார்த்தேன். ஆறவிட்ட பாட்டில், வளைந்த மூலை, கொஞ்சம் சின்ன லேபிள். நிறைய தடவை அமுக்கியாகிவிட்டது, குளிர்-சூடு காட்டியாகிவிட்டது, ஓரம் அசையவில்லை. ரோல்-ஆன் லேபிளுக்கு லேமினேஷன் போட்ட சாம்பிளில் எண்ணெய் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். தொகுதி எண், தேதியை நாங்கள்தான் கடைசியில் அடிக்கிறோம். பிஇ வார்னிஷ் மேல் அந்த மை நிற்கவில்லை, துடைத்தால் போய்விடுகிறது. இன்னொன்று, ஆர்டரில் என்னென்ன எழுத வேண்டும்?

---

ரோல்தாங்கி

தேதி அடிக்கிற இடத்தில் ஒரு சன்னல் விடச் சொல்லுங்கள். அதாவது அந்தச் சதுரத்தில் மட்டும் வார்னிஷ் பூசாமல் விடுவார்கள். டிசைன் கோப்பில் அதைத் தனி அடுக்காகக் காட்ட வேண்டும், வாய்வார்த்தையாகச் சொன்னால் மறந்துபோகும். தெர்மல் டிரான்ஸ்ஃபர் பிரிண்டர் (ரிப்பனிலுள்ள மையைச் சூட்டால் லேபிளில் ஏற்றுவது) என்றால் ரிப்பனை மாற்றிப் பாருங்கள். ஃபிலிமுக்கு ரெசின் ரிப்பன்தான் நிற்கும், மெழுகு ரிப்பன் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். நேரடித் தெர்மல் லேபிள் (ரிப்பன் இல்லாமல் சூடு பட்டே கறுப்பது) பக்கம் போகவே வேண்டாம், அது சூட்டிலும் வெளிச்சத்திலும் எண்ணெயிலும் கெடும்.

ஆர்டரில் "வெள்ளை பிஇ லேபிள்" என்று மட்டும் எழுதினால் அடுத்த தடவை வேறு பசை வந்து நிற்கும். ஃபிலிமின் பெயரும் தடிமனும், பசையின் குறியீடு, வார்னிஷ் வகை, வெட்டளவு, மூலை வளைவு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். "கேட்காமல் பொருளை மாற்றக் கூடாது" என்று ஒரு வரியும் சேருங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த சாம்பிளில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், இருட்டான இடத்தில்.

---

சின்னத்தொழில்

பாட்டில் சப்ளையர் மாறினால்?

---

பசை_ஆய்வு

முதலிலிருந்து ஒட்டிப் பார்க்க வேண்டும். மறுசுழற்சிப் பிளாஸ்டிக் கலந்த பாட்டில் என்றால் ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு மூன்று பாட்டிலாவது. லேபிள் மாறாமல் இருந்தாலும் பரப்பு மாறும்.

மறுசுழற்சி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன்: பாலிஎதிலீன் பாட்டிலில் பாலிஎதிலீன் லேபிள் ஒட்டினால் இரண்டும் ஒரே இனம், உருக்கும்போது தொல்லை குறைவு. பெட் பாட்டிலில் பிவிசி லேபிள் மட்டும் வேண்டவே வேண்டாம், கொஞ்சம் கலந்தாலும் உருக்கிய பெட் மொத்தமும் கெடும்.

---

நுரைபாட்டில்

இப்போது கையால் ஒட்டுகிறோம், பின்னால் ஒட்டும் மிஷின் வாங்கும் எண்ணம் உண்டு. அதற்கு இப்போதே ஏதாவது பார்க்க வேண்டுமா?

---

ரோல்தாங்கி

பார்க்க வேண்டும். லேபிள் ரோலிலிருந்து எந்தத் திசையில் அவிழ்கிறது, தலை முதலில் வருகிறதா பக்கவாட்டில் வருகிறதா, உள்பக்கம் சுற்றியதா வெளிப்பக்கமா என்று ஒரு எண் வரிசை இருக்கிறது. மிஷின் விற்பவர் அந்த எண்ணைச் சொல்வார், அதே எண்ணை ஆர்டரில் எழுதுங்கள். ஆனால் அச்சகத்துக்கு அச்சகம் எண் மாறலாம், படத்தோடு அனுப்புவது நல்லது. நடு உருளை பெரும்பாலும் 76 மிமீ, மேசை பிரிண்டர்களுக்கு 25 மிமீ. லேபிள்களுக்கு நடுவே 3 மிமீ இடைவெளி கேளுங்கள், மிஷினின் கண் அதைப் பார்த்துத்தான் நிறுத்தும். தெளிவான லேபிளாக இருந்தால் அந்தக் கண்ணுக்கு இடைவெளி தெரியாது, பின்தாளில் (லேபிளைத் தாங்கும் தாளில்) கறுப்புக் குறி அடிக்கச் சொல்ல வேண்டும்.

மிஷின் வாங்கும் வரை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரு ரப்பர் உருளையால் அழுத்துங்கள். விரலை நம்பாதீர்கள்.

---

நுரைபாட்டில்

உருளை வாங்கிவிடுகிறேன். எண்ணெய் சோதனை முடிந்ததும் இங்கேயே படத்தோடு போடுகிறேன், அதுவரை ரோல்-ஆன் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஷாம்பு லேபிளுக்கு மட்டும் இன்று எழுதி அனுப்பியாயிற்று.